என் ஞானஸ்நானப் பெயரில் ஒரு கடவுச்சீட்டு

அன்பான செபக்குழுச் சகோதர சகோதரிகளே, என் பெயர் எமில்டா. இதைச் சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் இந்த நாட்டில் ஓர் அந்நியர் முன்னால் அதைச் சொல்ல எனக்குப் பதினொரு வருடங்கள் எடுத்தன. ஆண்டவர் அந்தப் பெயரை எனக்கு எப்படித் திருப்பித் தந்தார் என்று சொல்லத்தான் இன்று எழுந்து நிற்கிறேன்.

2002 மாசி மாதம். ஜெர்மனியின் ஹம் நகரில் பனி இன்னும் முழுதாகக் கரையவில்லை. என் கணவர் அன்ரன் நகரசபையில் வாங்கிவந்த இரண்டு படிவங்களைச் சமையலறை மேசையில் வைத்தார். ஜெர்மன் குடியுரிமைக்கான விண்ணப்பங்கள்.

"ரெண்டு பேரும் ஒண்டாப் போடுவம், எமி. பிள்ளைக்கும் சேர்த்து அலுவல் முடிஞ்சிடும்" என்றார்.

அவர் மளமளவென்று எழுதத் தொடங்கினார். நான் பேனாவைப் பிடித்தபடி முதல் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெயரைக் கேட்டிருந்தார்கள். கீழே, பிறப்புச் சான்றிதழை இணைக்கச் சொல்லியிருந்தார்கள். என் கை அசையவில்லை.

ஏனென்றால் ஜெர்மனியில் என் பெயர் சிவகலா.

எங்கள் ஊர் யாழ்ப்பாணத்தின் வடகரையில், கடலோடு ஒட்டியது. 1990 ஆனியில், யுத்தத்தால் ஊரே ஒரு நாளில் வெறுமையானது. அப்பா எங்களோடு வந்து சேரவில்லை. அடுத்த வருடம் அம்மா என்னை எப்படியோ கொழும்புக்கு அனுப்பி, அங்கிருந்து விமானம் ஏற்றினா. எனக்குப் பத்தொன்பது வயது. பயண முகவர் யாரோ ஒரு பெண்ணின் கடவுச்சீட்டைக் கையில் தந்தார். படத்தில் இருந்தவளுக்கும் எனக்கும் நெற்றி மட்டும் ஒன்றுபோல இருந்தது. "இனி நீ சிவகலா. நித்திரையில எழுப்பிக் கேட்டாலும் அதைத்தான் சொல்லோணும்" என்றார்.

பிராங்பேர்ட்டில் வந்திறங்கி, அகதி விண்ணப்ப விசாரணையில் உட்கார்ந்தபோதும் அதையேதான் சொன்னேன். உண்மைப் பெயரைச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயம். எனக்கு நடந்ததாகச் சொன்ன எல்லாமே உண்மை. பெயர் மட்டும்தான் பொய். அதன்பின் அந்தப் பொய் தானாகவே வளர்ந்தது. வதிவிட அனுமதியில் சிவகலா. கல்யாணப் பதிவில் சிவகலா. என் மகள் நிரோஷாவின் பிறப்புப் பதிவிலும் தாயின் பெயர் சிவகலா. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் சலவை அறையில் எல்லாருக்கும் நான் சிவா.

அந்தப் பெயரோடு இலங்கைக்குப் போய் அம்மாவைப் பார்க்கவும் வழியில்லை.

விஷயம் தெரிந்த ஒன்றிரண்டு ஆட்கள் சொன்ன யோசனை ஒன்றே ஒன்றுதான். வாயைத் திறக்காதே. கொழும்பில் சொன்னால் சிவகலா என்ற பெயரிலேயே போலிப் பிறப்புச் சான்றிதழ் செய்து தருவார்கள். அன்ரனும் அரைமனத்தோடு அதற்குச் சம்மதித்தார். நானும் சம்மதித்திருப்பேன். ஆனால் அந்தக் கிழமைதான் நிரோஷா கேட்டாள். அவளுக்கு எட்டு வயது. முதல் நன்மை வகுப்புக்குத் தாயின் பெயரை எழுதிக்கொண்டு போகவேண்டியிருந்தது.

"அம்மா, சித்தி ரெலிபோனில உங்களை எமி அக்கா எண்டுதானே கூப்பிடுறா? நான் எதை எழுத?"

"சிவகலா எண்டு எழுது" என்றேன். பிள்ளை எழுதினாள். திவ்விய நற்கருணை வாங்கப்போகும் பிள்ளையின் கையால் என் பொய்யை எழுதுவித்தேன். அன்று நான் செபமாலையைத் தொடவில்லை. தொடக் கூசியது.

எனக்கு அதிகாலை வேலை. மதியம் வந்து சற்றுக் கண்ணயர்வது வழக்கம். அப்படி ஒரு மதியத்தில்தான் அந்தக் கனவு வந்தது. எங்கள் ஊர்க் கோயில். சுவர்கள் இருந்தன. கூரை இருந்த இடத்தில் வானம். தரையில் கடல்தண்ணீர் கணுக்கால் அளவுக்கு மெல்ல வந்து மெல்லப் போனது. வெள்ளை உடுத்த பெண்பிள்ளைகள் வரிசையில் நின்றோம். முகம் தெரியாத ஒருவர் பெரிய புத்தகத்தைப் பார்த்துப் பெயர்களைக் கூப்பிட்டார். கூப்பிடப்பட்டவள் எழுந்து ஒளிக்குள் போனாள். வரிசை குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் நான் மட்டும் நின்றேன். அவர் புத்தகத்தை மூடவில்லை. அவசரப்படவும் இல்லை. என்னையே பார்த்தபடி காத்திருந்தார். என் பெயரை நான்தான் சொல்லவேண்டும் என்று எனக்கு விளங்கியது. வாயைத் திறந்தேன். விழித்துக்கொண்டேன்.

யன்னலில் வெளிச்சம் பால்போல இருந்தது. எவ்வளவு நேரம் அப்படியே கிடந்தேனோ தெரியாது. பயம் போகவில்லை. ஆனால் என்ன செய்யவேண்டும் என்பதில் சந்தேகம் இல்லாமல் போய்விட்டது.

பங்குனியில் குடியுரிமை அலுவலகத்தில் சந்திப்புக்கு ரேர்மின் எடுத்தோம். மேசைக்குப் பின்னால் என் வயதை ஒத்த ஒரு பெண் அதிகாரி. எனக்குத் தெரிந்த ஜெர்மன் மொழியில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பேனாவை மேசையில் வைத்தார்.

"இதை யாரும் கண்டுபிடிக்கவில்லையே. ஏன் இப்போது சொல்கிறீர்கள்?"

"என் மகள் என் பெயரைக் கேட்டாள்" என்றேன்.

அவர் கடுமையாகப் பேசவில்லை. ஆனால் எதையும் மறைக்கவும் இல்லை. "இதை நான் மேலே அறிவித்தே ஆகவேண்டும், வழக்கு வரலாம், உங்கள் வதிவிட அனுமதியையும் திரும்பப் பரிசீலிப்பார்கள்" என்றார். "நீங்கள் எமில்டா என்பதற்கு ஆதாரம் வேண்டும். இல்லாவிட்டால் உங்களுக்கு இரண்டு பெயர்களும் இல்லாமல் போகும்."

வெளியே வந்ததும் அன்ரன் என் கையைப் பிடித்தார். "பயப்படாதை. நான் இருக்கிறன்" என்றார்.

பிறகு வந்த மாதங்களை எப்படிச் சொல்வேன்! கடிதப்பெட்டியில் அரச அலுவலகத்தின் மஞ்சள் உறையைக் கண்டால், அன்ரன் வரும்வரை பிரிக்காமல் மேசையில் வைத்திருப்பேன். பொலிசிலிருந்து விசாரணைக் கடிதம் வந்தது. வவுனியாவில் அம்மாவோடு இருந்த தங்கச்சி றெஜினா என் பிறப்புப் பதிவைத் தேடி அலைந்தாள். அந்தப் பதிவுகள் யுத்தத்தில் அழிந்துவிட்டன என்று பதில் வந்தது. நான் சிவகலாவும் இல்லை, எமில்டாவும் இல்லை. சலவை அறையில் துணிகளை மடிக்கும்போது, இந்தக் கைகள் யாருடையவை என்றுகூடத் தோன்றும்.

ஆவணியில் கெவலார் திருத்தலத்து மாதாவிடம் போனோம். எங்கள் தமிழ்ச்சனம் வருடாவருடம் கூடும் திருநாள் உங்களுக்குத் தெரியும். மாதாவின் அந்தச் சிறிய சிற்றாலயத்தின் முன்னால், மெழுகுதிரிகளின் வெக்கையில் நின்று கேட்டேன். "அம்மா, இந்த நாட்டுப் பாஸ்போட் தராட்டிலும் பரவாயில்லை. என்ர பேரை மட்டும் தாங்கோ." அவ்வளவுதான் என் மன்றாட்டு. அழவும் இல்லை. மனம் தூக்கத்தில் மிதப்பதுபோல ஓர் அமைதி.

பூசை முடிந்து சாப்பாட்டு வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் நின்ற அக்கா, கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து வந்தவ, பெயர் பிலோமினா. பேச்சோடு பேச்சாக, ஊரில் எந்த இடம் என்று கேட்டா. சொன்னேன்.

"அட, எங்கட கோயிலடி! ஆரின்ர மகள்?"

ஒரு கணம் தயங்கினேன். பிறகு, "பர்னபாசின்ர மூத்தவள். எமில்டா" என்றேன்.

"பர்னபாஸ் அண்ணையின்ர பிள்ளையே!" என்று என்னைக் கட்டிப்பிடித்தா. என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. அங்கேயே, சாப்பாட்டுத் தட்டோடு நின்று, முழுக் கதையையும் சொன்னேன்.

அவ என் தட்டை வாங்கி ஒரு மேசையில் வைத்தா. "கோயில் வேலை பார்த்த சூசையண்ணையை ஞாபகம் இருக்கே? ஊரை விட்டு வெளிக்கிட்ட அண்டு எல்லாரும் சட்டி பானையைக் கட்ட, அந்த மனுசன் கோயில் ஞானஸ்நானப் புத்தகங்களை உரப்பையில கட்டிச் சைக்கிளில வச்சவர். எங்களோட ரெண்டு கிழமை இருந்தவர். இப்ப மன்னார்ப் பக்கம் எண்டு கேள்வி. விசாரிச்சுப் பாரும்."

அந்த வருடம் சண்டை ஓய்ந்திருந்தது. பாதைகள் திறந்திருந்தன. றெஜினா இரண்டு பஸ் மாறி மன்னாருக்குப் போனாள். ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அழைப்பு வந்தது.

"அக்கா, இருக்கு."

சூசையண்ணை எத்தனையோ இடம் மாறியிருக்கிறார். போன இடமெல்லாம் அந்த உரப்பையையும் கொண்டுபோயிருக்கிறார். மழையில் நனைந்து பல பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. நான் பிறந்த வருடத்துப் பக்கத்தில் ஓரம் மட்டும் கரைந்திருந்தது. எமில்டா. பிறந்த திகதி. தகப்பன் பெயர், தாய் பெயர், ஞானப்பெற்றோர் பெயர். எல்லாம் வாசிக்கக்கூடியதாக இருந்தது. "ஏன் இவ்வளவு காலமும் சுமந்தனீங்கள்?" என்று றெஜினா கேட்டாளாம். "ஆரும் தேடி வருவினம் எண்டு இருந்தன், பிள்ளை" என்றாராம் அவர்.

அந்த ஏட்டை வைத்து ஆயர் இல்லம் உறுதிப்பத்திரம் தந்தது. அதைக் கொண்டு காலம் கடந்த பிறப்புப் பதிவு செய்தோம். பிறகு இலங்கைத் தூதரகத்தில் என் பெயரில் கடவுச்சீட்டு கிடைத்தது. வழக்கைக் கைவிடுவதாகக் கடிதம் வந்தது. பழைய விசாரணையில் நான் சொன்ன கதை உண்மை என்பதால் வதிவிட அனுமதியும் தப்பியது. மொழிப் பரீட்சையில் முதல் தடவை தவறி, இரண்டாம் தடவை தேறினேன். எல்லாம் முடிய மூன்று வருடம் சென்றது.

ஒன்றை மட்டும் சொல்லவேண்டும். ஜெர்மன் குடியுரிமை பெற, இலங்கைக் குடியுரிமையை விடவேண்டியிருந்தது. என் சொந்தப் பெயரில் வாழ்க்கையில் முதன்முதலாகக் கிடைத்த கடவுச்சீட்டு அது. அதைக்கூடத் திருப்பிக் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன் அந்தப் பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தேன். பெற்ற மகனையே பலிகொடுக்கத் துணிந்த ஆபிரகாமின் நினைவு வந்தது. வலித்தது, ஆனால் கொடுத்தேன்.

2005 இலையுதிர்காலத்தில் அதே அதிகாரியே குடியுரிமைப் பத்திரத்தை என் கையில் தந்தார். மார்கழியில் சிவப்பு நிற ஜெர்மன் கடவுச்சீட்டோடு வவுனியாவில் அம்மாவின் வீட்டுக்குள் போனேன். அம்மா என் முகத்தைத் தடவியபடியே இருந்தா.

இப்போது நான் செபிக்கும் விதம் மாறிவிட்டது. முன்பு ஆண்டவரிடம் பேசும்போதுகூட ஏதோ ஒரு மூலையில் ஒளிந்திருப்பேன். இப்போது நேராக நிற்கிறேன். உங்களில் யாருக்காவது நெஞ்சில் பூட்டிவைத்த ஒன்று இருந்தால், முதலில் அவரிடம் சொல்லுங்கள். பிறகு யாரிடம் சொல்லவேண்டுமோ அவர்களிடம் போங்கள். எல்லாம் சுகமாக முடியும் என்று நான் வாக்குத் தரமாட்டேன். தனியாகப் போகமாட்டீர்கள். அதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

இன்னொரு வேண்டுதல். உண்மையான சிவகலா எங்கே இருக்கிறா, உயிரோடு இருக்கிறாவா என்று எனக்குத் தெரியாது. அவவின் பெயருக்குள் ஒதுங்கி நான் பதினொரு வருடம் தப்பியிருந்தேன். நாள்தோறும் அவவுக்காக ஓர் அருள்நிறை மந்திரம் சொல்கிறேன். இன்று நீங்களும் என்னோடு சேர்ந்து அவவுக்காக ஒன்று சொல்லுங்கள்.