குனிந்தால் ஓடும் நாய்கள்

இந்த ஊர் நாய்களுக்கு முன்னால் மனிதன் குனியக்கூடாது. செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தாலும் சரி, கீழே விழுந்த சாவியை எடுக்கக் குனிந்தாலும் சரி, நாலுகால் பாய்ச்சலில் ஓடித் தூரத்தில் நின்றுகொண்டு திரும்பிப் பார்க்கும். கல்லெடுக்கிறான் என்று நினைப்பு. அறுபதுகளின் நடுவில் பர்மாவிலிருந்து கும்மிடிப்பூண்டி அகதி கேம்ப்புக்கு நாங்கள் வந்து சேர்ந்த புதிதில், இதைப் பார்த்து அப்பா திகைத்துப்போனார். பர்மாவில் ஆள் குனிந்தால் நாய் பக்கத்தில் வரும். சோறு வைக்கத்தான் குனிகிறார் என்று அங்கே அதற்குத் தெரியும். தாய்நாடு, தாய்நாடு என்று கப்பல் முழுக்கச் சொல்லிச் சொல்லி அழைத்து வந்தார்களே, அது அந்நிய நாடு என்று எங்களுக்கு முதலில் சொன்னவை இந்த நாய்கள்தான்.

ரங்கூனில் இன்னும் இருக்கிற நம் ஜனங்களே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. விடிந்ததும் புத்த மடத்துப் பூங்கிகள் பிச்சைக்கு வரிசையாகப் போவார்கள், அவர்கள் உண்டு மிஞ்சியதை மடத்து நாய்கள் தின்னும், ஒரு பிள்ளைகூட அவற்றை விரட்டாது. எங்கள் நாயின் பெயர் அவுங்நே. கறுப்பு நாய் என்றால் அங்கே பாதி வீட்டில் அந்தப் பெயர்தான். அரிசி ஆலை வேலை முடிந்து அப்பா வரும்போது தெருமுனையில் காத்திருக்கும். அவர் வா, வா என்பதைப் பர்மியப் பேச்சில் "லா, லா" என்று சொல்லிக் குனிந்தால் முகத்தை அவர் கைக்குள் நுழைத்துக்கொள்ளும். பெற்ற மகள் நான் ஒருத்தி இருக்கிறேன் என்பதே அந்த நேரத்தில் அவருக்கு மறந்துவிடும். எனக்கு அதில் பொறாமைகூட உண்டு.

புறப்படும் நாளில் அவுங்நேயைப் பூங்கி மடத்தில் விட்டோம். திரும்பி நடந்தபோது அது பின்னால் வந்தது. அப்பா அதை மறுபடி கொண்டுபோய் விட்டார். மூன்றாம் தடவை ஒரு இளம் பூங்கி அதை அணைத்துப் பிடித்துக்கொண்டார். அது கத்தவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தது. கப்பலிலிருந்து கரை தெரிந்தபோது அப்பா சொன்னது இதுதான்: "நான் இங்க ஒரு நாய்க்குச் சோறு வச்சா, அங்க என் நாய்க்கு ஒருத்தன் வைப்பான்."

பைத்தியக்காரக் கணக்குதான். ஆனால் அந்தக் கணக்கில்தான் மனுஷர் உயிர் பிழைத்துக் கிடந்தார். கேம்ப்பில் அளந்து கொடுத்த அரிசியில் கஞ்சி வைத்தால், தன் தட்டிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனியாக வைப்பார். அம்மா தலையிலடித்துக்கொள்வாள். "நமக்கே நாதியில்ல, இதுல நாய்க்குத் தானமாக்கும்!" அப்பா காதில் போட்டுக்கொள்ளமாட்டார். அவர் குனிந்தாலே நாய்கள் ஓடின. அவரும் விடவில்லை. வைத்துவிட்டு அங்கேயே குந்தியிருப்பார். பல மாதம் கழித்து ஒரு செவலை நாய் மட்டும் வயிறு தரையில் உரச ஊர்ந்து வந்து தின்றது. அன்று அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே! செவலைக்கும் அவுங்நே என்றே பெயர் வைத்தார்.

ரோட்டோரத்தில் டீக்கடை வைத்திருந்த முனுசாமிக்கு இது பெரிய வேடிக்கை. "இன்னா நைனா, வாயில நொழையாத பேரு வெச்சிக்கினு கீற? மணின்னு கூப்புட்டா அது வராதா?" என்பார். அப்பா சிரிப்பார். செவலை வாலை ஆட்டும். அது பர்மா பேச்சைப் புரிந்துகொள்ளும் ஒரே கும்மிடிப்பூண்டி ஜீவன் ஆகிவிட்டது. பகலில் நாங்கள் செங்கல் சூளையில் மண் சுமக்கும்போது நிழல் பார்த்துப் படுத்திருக்கும். சாயங்காலம் அப்பாவின் காலடியிலேயே ஒட்டிக்கொண்டு வரும். இப்படியே ஆண்டுகள் ஓடி, எழுபதுகள் பிறந்துவிட்டன. ரங்கூன் பெயரைச் சொன்னால் கண் கலங்காத அளவுக்கு அப்பா தேறிவிட்டார் என்று நினைத்தேன்.

அது ஆடி மாதம். பெரியபாளையத்து அம்மன் கோயிலுக்குப் போகும் ஜனம் ரோடு கொள்ளாமல் நடந்துகொண்டிருந்தது. யாரோ ஒரு பிள்ளையை வெறிநாய் கடித்துவிட்டதாகப் பேச்சு. அதற்கு மறுநாள் காலை, இரண்டு பேர் வாளியோடு கேம்ப்புப் பக்கம் வந்தார்கள். யார் அனுப்பினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வாளியிலிருந்து கறித்துண்டுகளை எடுத்து நாய்களுக்கு வீசினார்கள். ஊர் நாய்கள் கிட்டே வரவில்லை, வாலை இடுக்கிக்கொண்டு பின்வாங்கின. எங்கள் செவலையும் தயங்கி நின்றது.

அப்பாவுக்கு மெய்சிலிர்த்துவிட்டது. இத்தனை வருஷத்தில் இந்த ஊரில் நாய்க்குக் கறி போடும் மனிதரை அவர் பார்த்ததே இல்லை. பர்மாவில் ஒருவர் புண்ணியம் செய்வதைக் கண்டால் கைகூப்பி, நன்று என்ற பொருளில் மூன்று தடவை "தாது" சொல்ல வேண்டும், அந்தப் புண்ணியத்தில் நமக்கும் பங்கு உண்டு. அதே வழக்கத்தில் கைகூப்பி நின்று, "தாது, தாது, தாது" என்றார். வாளிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னா பெர்சு சொல்லுது?"

"இன்னாவோ சொல்லட்டும். யோவ், நீ கூப்டா நாயிங்க வருமா? கூப்புடேன்."

அப்பா குனிந்தார். "லா, லா, அவுங்நே." அவ்வளவுதான், செவலைக்குத் தயக்கம் போய்விட்டது. ஓடி வந்து, அவர் கையாலேயே எடுத்துக் கொடுத்த துண்டைத் தின்றது. அதைப் பார்த்து இன்னும் நாலைந்து வந்தன. அப்பா ஒவ்வொன்றையும் தட்டிக்கொடுத்தார்.

முனுசாமி கடையை விட்டுவிட்டு ஓடி வந்தார். "அடப்பாவி நைனா, இன்னா வேலை பண்ட்ட! மருந்து வெச்ச கறிய்யா அது!"

அம்மா உப்புக்கரைசல் கொண்டுவந்தாள், நான் செவலையின் வாயைத் திறந்து பிடித்தேன், ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. மற்ற நாய்கள் வெட்டி இழுத்துக்கொண்டு மூலைக்கு ஒன்றாக ஓடின. செவலை எங்கும் ஓடவில்லை. அப்பாதான் காப்பாற்றுவார் என்று அவர் மடிக்கே வந்தது. அந்தத் துடிப்பிலும் "அவுங்நே" என்றதும் வால் ஒருமுறை தரையில் தட்டியது. அதோடு அடங்கிவிட்டது. படுபாவிகள் வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனார்கள்.

அப்பா அழவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார். "நான் இங்க விஷத்தைக் கொடுத்திட்டேனேம்மா. அங்க என் நாய்க்கு என்ன கொடுப்பான்?"

நாலு நாள் அவர் சோற்றைத் தொடவில்லை. ஐந்தாம் நாள் விடிந்ததும் கைப்பிடிச் சோற்றோடு ரோட்டோரம் போனார். தப்பிப் பிழைத்த இரண்டு மூன்று நாய்கள் அவரைக் கண்டு வாலாட்டி வந்தன. அவர் குனிந்து கல்லை எடுத்து வீசினார். நாய்கள் அலறி ஓடின. "சீ, போ! யார் கூப்பிட்டாலும் வராதே! நான் கூப்பிட்டாலும் வராதே!" என்று தொண்டை கிழியக் கத்தினார். அவை கண்ணுக்கு எட்டாத தூரம் போனபிறகு சோற்றை இலையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அவர் போனதும் அவை வந்து தின்றன.

சாகும்வரை இதே வழக்கம். முதலில் கல், பிறகு சோறு. "லா" என்ற சொல்லை அதற்கப்புறம் அவர் வாயில் நான் கேட்டதே இல்லை. ஒருநாள் அவர் கல்லெறிவதைப் பார்த்து முனுசாமி பாராட்டுவதாக நினைத்துச் சொன்னார்: "இப்பதான் நைனா நீ நம்ப ஊர்க்காரன் ஆயிட்ட."

அப்பா கையிலிருந்த சோற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். தூரத்தில், அவர் எப்போது போவார் என்று நாய்கள் காத்துக்கொண்டிருந்தன.