வெட்டப்பட்ட நான்கு வரிகள்

“எந்த ஓட்டையில குத்துறது தம்பி?” என்று அண்ணி கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. கணினிப் பெட்டியைச் சுவர்ப்பக்கமிருந்து திருப்பி, அதன் முதுகில் டோர்ச் அடித்தபடி குந்தியிருந்தார். அங்கே மூன்று துளைகள் இருந்தன. பச்சை, ரோஸ், நீலம். ரோஸ் நிறத் துளை மைக்குக்கு என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான்.

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. நான் இலங்கை மலையகத்தில், ஹட்டன் நகரில் ஒரு கணினிக் கடையில் வேலை பார்த்துவந்தேன். கடையில் கழித்துப்போட்ட பாகங்களைக் கொண்டு நானே பூட்டி இணைத்த கணினியை, பஸ்ஸில் மடியில் வைத்துச் சுமந்து வந்து, தோட்டத்து வரிசை வீடுகளில் அண்ணன் குடியிருந்த ஓர் அறையில், அந்த லயக் காம்பராவில் வைத்திருந்தேன். அண்ணன் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். அண்ணி கொழுந்து பறிப்பவர். அதோடு பாட்டுக் கட்டுகிறவர். கட்டுகிறவர் என்பதை இங்கே அழுத்தித்தான் எழுதுகிறேன். மலையில் தேயிலைச் செடிகளுக்கிடையே நிரை பிடித்து நிற்கும்போது ஒரு வரி தோன்றும். அதைப் பல்லுக்குள் மென்றபடி மதியம் வரைக்கும் பறிப்பார். கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு வரும்போது நாலு வரி சேர்ந்திருக்கும். பிடிக்காத வரியை மறுநாள் மாற்றுவார். ஒரு சொல்லுக்காக ஒரு வாரம் அலைந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

அண்ணியின் தங்கை சரோசா வீட்டு வேலைக்கென்று வளைகுடா நாடொன்றுக்குப் போனவள். இரண்டாம் வருடம் பெட்டியில் திரும்பி வந்தாள். பெட்டியின் மேல் ஓர் எண் மட்டும் ஒட்டியிருந்தது. விமான நிலையத்தில் அண்ணனும் நானும் அந்த எண்ணைச் சொல்லித்தான் அவளைப் பெற்றுக்கொண்டோம். எப்படிச் செத்தாள் என்று கேட்டதற்குக் கையிலிருந்த தாளைக் காட்டினார்கள். அரபு எழுத்தில் இருந்த அந்தத் தாளை வாசிக்கத் தெரிந்தவர் அந்த அறையில் யாருமே இல்லை. காரியம் முடிந்து மூன்று மாதம் அண்ணி வாய் திறந்து பாடவில்லை. பிறகு ஒருநாள் அந்தப் பாட்டு வந்தது. அதைக் கேட்ட பிறகுதான் கணினியைக் கொண்டுவந்தேன்.

பதிவு செய்வது நான் நினைத்ததுபோல் எளிதாக இல்லை. கோயில் கமிட்டியில் கெஞ்சி மைக்கையும் ஆம்பிளிபயரையும் வாங்கி வந்தோம். ஆம்பிளிபயரிலிருந்து வந்த வயரை ரோஸ் துளையில் செருகியதும் அண்ணியின் குரல் தகரத்தைக் கிழிப்பதுபோல் சிதறியது. மைக் வயரை நேரே செருகத்தான் அந்தத் துளை, ஆம்பிளிபயரில் பெருத்து வருகிற ஒலி நீலத் துளைக்குத்தான் போக வேண்டும் என்று கண்டுபிடிக்க ஒரு ஞாயிறு போயிற்று. நீலத்தில் செருகினால் குரல் தெளிந்தது, ஆனால் அடியில் ஓயாத ஓர் இரைச்சல். கணினியையும் ஆம்பிளிபயரையும் வெவ்வேறு பிளக்கில் போட்டிருந்ததே காரணம். ஒரே பிளக் பலகையில் போட்டதும் இரைச்சல் அடங்கியது. அதற்கு இன்னொரு ஞாயிறு. மூன்றாவது ஞாயிறு காலையிலிருந்து மழை. தகரக் கூரையில் மழை விழுந்தால் வேறெதுவும் பதியாது. பின்னேரம் மழை விட்டதும், பக்கத்துக் காம்பராக்காரர்களிடம் கொஞ்ச நேரம் ரேடியோவை நிறுத்தச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டோம். அண்ணி ஒரே மூச்சில் பாடி முடித்தார். வயரின் இரண்டு நரம்புகளில் ஒன்று அறுந்திருந்ததால், குரல் இடப்பக்க ஸ்பீக்கரில் மட்டும் கேட்டது. வலப்பக்கம் ஊமை. அண்ணிக்கு அது ஒரு குறையாகவே படவில்லை.

“ஒரு பக்கம் கேட்டாப் போதும் தம்பி. மறுபக்கம் அவ இருந்து கேக்கட்டும்,” என்றார்.

பாட்டு இப்படித் தொடங்கும்:

மலையேறிக் கொழுந்தெடுத்தேன் – ஒன்ன
மடியேத்தி வளத்தெடுத்தேன்
கடலேறிப் போனவளே – ஒன்
காலடிய எங்க தேட

கடைசி நான்கு வரி இது:

பாஸ்போட்டுல பேரிருக்கு – சரோசா
பெட்டிமேல பேருமில்ல
ஆரு பெத்த புள்ளையின்னு – அங்க
ஆப்பிசரும் கேக்கவில்ல

சில மாதங்கள் கழித்துக் கொழும்பிலிருந்து ஓர் ஆய்வாளர் எங்கள் கடைக்கு வந்தார். தோட்டத்துப் பாடல்களைத் தொகுப்பதாகச் சொன்னார். பணிவான பேச்சு. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அண்ணியிடம் ஒரு வார்த்தை கேட்டேன். “நாலு பேரு கேட்டா நல்லதுதானே,” என்றார். ஒரு சீடியில் பாட்டைப் பதிந்து கொடுத்தேன். யார் பாடியது, யாருக்காகப் பாடியது என்பதையெல்லாம் வாயால் சொன்னேன். அவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். எழுதியதை என் கண்ணால் பார்த்தேன்.

அடுத்த வருடம் ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே பாட்டுக் கடையொன்றைத் தாண்டும்போது கால் நின்றுவிட்டது. உள்ளே அண்ணி பாடிக்கொண்டிருந்தார். கடைக்காரர் வலப்பக்க ஸ்பீக்கரைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். “புது செட்டுங்க, ஒரு பக்கம் வேலை செய்யலையே,” என்றார். செட்டில் ஒன்றுமில்லை, வயரில்தான் கோளாறு, அந்த வயர் என் வீட்டில் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. சீடி உறையை வாங்கிப் பார்த்தேன். கூடை சுமந்த பெண்களின் படம். உள்ளே பொடி எழுத்தில், ‘நூறாண்டு பழைமையான நாட்டார் பாடல். ஆசிரியர் அறியப்படவில்லை. குரல்: தோட்டப் பெண் ஒருவர்.’ அதன் கீழே தொகுப்பும் ஆய்வும் என்று ஆய்வாளரின் பெயர் தடித்த எழுத்தில், பட்டங்களோடு. பாட்டு முடியும் இடத்துக்குக் காத்திருந்தேன். கடைசி நான்கு வரிகள் வரவில்லை. நூறாண்டு பழைய பாட்டில் பாஸ்போட் வரக்கூடாதல்லவா? கத்தரித்துவிட்டார்கள். அதோடு சரோசாவும் போனாள்.

அன்றைக்கு வந்த கோபம் என்னால் இன்றைக்கும் விவரிக்க முடியாதது. நகரத்தில் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து எழுதினால் அது கவிதை, அவருக்குப் பெயர் உண்டு, படம் உண்டு, மாலை உண்டு. மலையில் நின்றுகொண்டு ஒரு பெண் கட்டினால் அது மண்ணில் தானாக முளைத்தது. தேயிலையையும் அப்படித்தானே சொல்கிறார்கள், மலையின் கொடை என்று.

அந்த சீடிக்கு ஹட்டனிலேயே ஒரு மண்டபத்தில் அறிமுகக் கூட்டம் வைத்தார்கள். அண்ணி அரைநாள் பேர், அரைநாள் கூலி போதுமென்று எழுதிக்கொடுத்துவிட்டு, மலையிலிருந்து இறங்கி, சேலை மாற்றிக்கொண்டு என்னோடு வந்தார். பேச்செல்லாம் முடிந்து கேள்வி கேட்கலாம் என்றதும் எழுந்து நின்றார்.

“ஐயா, இந்த சீடியில கடைசிப் பாட்டு நான் கட்டுனதுங்க. அதுல நாலு வரியக் காணோம்.”

ஆய்வாளர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, குழந்தையைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு. “அம்மா, நாட்டார் பாடலைப் பாடுகிறவர்கள் அவரவர் வரியைச் சேர்த்துக்கொள்வது இயல்பு. ஆய்வாளன் மூல வடிவத்தைத்தான் எடுக்க வேண்டும். இது உங்கள் ஒருவருடைய பாட்டல்ல, எல்லா மக்களுடைய சொத்து.”

“அப்ப செத்தது யாரு தங்கச்சிங்க, ஐயா?”

 அண்ணி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நின்ற இடத்திலேயே அந்த நான்கு வரிகளையும் பாடினார். பின்வரிசையில் இருந்த பெண்கள் இரண்டு பேர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மேடையிலிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்போதுதான் ஆய்வாளர் என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, நீங்கள் கொடுத்த சீடிதானே? அதில் உங்கள் கையால் என்ன எழுதியிருந்தீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா?”

ஞாபகம் இருந்தது. ‘மலையக நாட்டார் பாடல் – 1’ என்று எழுதியிருந்தேன். கணினியிலும் அதே பெயரில்தான் சேமித்திருந்தேன்.  கூட்டம் நன்றியுரையோடு முடிந்தது. அடுத்த பதிப்பில் கவனிக்கிறோம் என்று யாரோ வந்து சொன்னார்கள். நான் இரண்டு கடிதம் போட்டேன். பதில் வரவில்லை.

 திரும்பி வரும்போது பஸ்ஸில் பாதி வழியில் அண்ணி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“நான் கட்டுனதுன்னு ஒனக்குத் தெரியுமில்ல தம்பி. பின்ன ஏன் அப்புடி எழுதுன?”

 அதற்கான பதிலை இங்கேதான் எழுதுகிறேன். அண்ணி ஒரு வாரம் ஒரு சொல்லுக்காக அலைந்ததைப் பார்த்தவன் நான். அப்படியிருந்தும் கூடை சுமக்கிறவர் பாடினால் அதற்கு நாட்டார் பாடல் என்றுதான் பெயர் என்று என் கை தானாக எழுதியது. பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் படித்தேன். ஆய்வாளர்மீது வந்த கோபத்தில் பாதி என்மீது வரவேண்டியது. அன்று முதல் வந்துகொண்டுதான் இருக்கிறது.

அண்ணி அதோடு விடவில்லை. அடுத்த ஞாயிறு காலையிலேயே என்னைக் கூப்பிட்டு, “மிசினப் பூட்டு. திரும்பப் பாடுறேன்,” என்றார். இந்தமுறை புது வயர் வாங்கியிருந்தேன். ஆம்பிளிபயரில் விளக்கு எரிந்ததும், பாடுவதற்கு முன் பேசினார். “நான் மூணாம் லயத்து மாரியாயி. இது நான் கட்டுன பாட்டு. செத்தது என் தங்கச்சி சரோசா. இப்பப் பாடுறேன்.” குரல் இரண்டு பக்கமும் கேட்டது. அதில் முப்பது பிரதி எடுத்தோம். அண்ணி அவற்றைத் தன்னோடு நிரையில் நிற்கும் பெண்களுக்குக் கொடுத்தார், கோயிலுக்குக் கொடுத்தார், எங்கள் தோட்டத்து வழியாகப் போகும் இரண்டு பஸ் சாரதிகளுக்குக் கொடுத்தார். ஒரு சாரதி சிங்களவர். அவருக்கு வரிகள் புரியாது. கதையைக் கேட்டுவிட்டு, தன் மனைவியும் வெளிநாட்டில்தான் இருக்கிறாள் என்றார். பிறகு காலைப் பயணத்தில் அதைத் தவறாமல் போட்டார். அந்தப் பாதையில் போய்வருகிற எல்லோருக்கும் மாரியாயியையும் சரோசாவையும் தெரிந்தது.

பாதைக்கு வெளியே நிலைமை வேறு. இன்றைக்கும் இணையத்தில் அந்தப் பழைய பதிவுதான் சுற்றுகிறது. நூறாண்டுப் பழைமை இப்போது நூற்றைம்பதாகியிருக்கிறது. அதன் கீழே கருத்துப் பகுதியில் நான் அண்ணியின் பெயரை எழுதினால், ஆதாரம் உண்டா என்று கேட்கிறார்கள்.

போன வருடம் பள்ளிப் பிள்ளைகளுக்கான வலய மட்டப் பாட்டுப் போட்டிக்குப் பார்வையாளராகப் போயிருந்தேன். எங்கள் பக்கத்துப் பள்ளியிலிருந்து வந்த ஒரு சிறுமி அந்தப் பாட்டைப் பாடினாள். தொடங்கும் முன் மைக்கைப் பிடித்து, “பாட்டுக் கட்டியவர் மாரியாயி,” என்றாள். கடைசி நான்கு வரிகளையும் விடாமல் பாடினாள். நன்றாகவும் பாடினாள். முடிவு அறிவிக்கும்போது நடுவர் விளக்கம் சொன்னார். நாட்டார் பாடலுக்கு ஆசிரியர் பெயர் கூறியது பிழை, மூலத்தில் இல்லாத வரிகளைச் சேர்த்ததும் பிழை, ஆகவே புள்ளி குறைக்கப்பட்டது. நான் எழுந்து சத்தம் போட்டேன். உட்காரச் சொன்னார்கள். உட்காராமல் வெளியே வந்துவிட்டேன்.

நேரே அண்ணியிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். இப்போது அவர் பென்சனில் இருக்கிறார். வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் பேசி முடிக்கும்வரை கையை நிறுத்தவில்லை.

“மார்க்கு போனாப் போவுது,” என்றார். “அந்தப் புள்ள எந்த வீட்டுப் புள்ளன்னு கேட்டியா? பேரு என்ன?”

கேட்டிருக்கவில்லை. அவ்வளவு கோபத்திலும் எனக்கு அது தோன்றவில்லை. மறுநாள் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய் அவள் பெயரையும் வீட்டையும் கேட்டு வந்து அண்ணியிடம் சொன்னேன்.