மாஸ்கோவில் ஒரே ஒரு இடம்

பாஞ்சாலி எம்.ஏ. ரஷ்ய மொழியில் சேர்ந்தபோது பெரும்பாக்கம் குடியிருப்பில் சிரிக்காத ஆளில்லை. ஷேர் ஆட்டோ ஓட்டும் அவள் அப்பா முருகையன் மட்டும், ஏறுகிறவர்களிடமெல்லாம் மகள் ரஷ்யா பாஷை பேசுவாள் என்று பீற்றிக்கொண்டார். பேசத்தான் செய்தாள். இரண்டு பஸ் மாறிப் பல்கலைக்கழகம் போகும்போது நின்றபடியே வேற்றுமைகளை உருப்போட்டாள். தமிழில் எட்டு இருக்கும்போது அங்கே உள்ள ஆறுக்கு ஏன் பயப்பட வேண்டும் என்பது அவள் கட்சி. அசாத்தியப் பிடிவாதக்காரி.

மாஸ்கோவில் ஓராண்டு படிக்க வகுப்பில் ஒருவருக்குத்தான் இடம். பாஞ்சாலிக்கு அதன்மேல் உயிர். ஆனால் மயிலாப்பூர் ஸ்ரீலக்ஷ்மியின் உச்சரிப்பு அவளுடையதைவிடச் சுத்தம்.

நேர்காணலுக்கு மாஸ்கோவிலிருந்தே ஒரு பேராசிரியை வந்திருந்தார். பயணம் கிளம்புமுன் ரஷ்யர்கள் ஏன் சற்று உட்கார்கிறார்கள் என்று கேட்டார். யாரும் போகவில்லை என்று வீட்டுத் தெய்வத்தை ஏமாற்ற என்று பாடத்தில் இருந்தது. பாஞ்சாலிக்கு அது சுத்தமாக மறந்துபோயிற்று. வாயில் வந்ததோ, "நாங்களும் உட்கார்ந்தோம்."

கேட்டது ரஷ்யர்களைப் பற்றி என்று துறைத்தலைவர் கல்யாணராமன் நெளிந்தார். பேராசிரியை கையமர்த்தினார்.

அடையாற்றங்கரையில் இவர்கள் வீட்டை இடித்த அன்று, பெரும்பாக்கத்துக்குச் சாமான் ஏற்றிய லாரி உறுமிக்கொண்டு நின்றது. அம்மா ஷீலா தெருவிலேயே டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்து, எல்லாரையும் குந்தச் சொன்னாள். டிரைவர் கத்தினான். தெருவே குந்தியது. பிறகுதான் கிளம்பினார்கள். வேற்றுமை உருபுகள் தாறுமாறாகச் சிதற, பாஞ்சாலி மடை திறந்த மாதிரி ரஷ்ய மொழியில் சொல்லி முடித்தாள். பேராசிரியையின் பேனா பாதியிலேயே நின்றுவிட்டது.

கடைசியாக, அவ்வளவு தூரத்தில், அந்தக் குளிரில் தனியாக இருந்துவிடுவாயா என்று கேட்டார்.

"அன்றைக்கு உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டோமே" என்றாள்.

இடம் அவளுக்கே கிடைத்தது. என்னைக் கேட்டால், அதைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

வீட்டில் ஷீலா சோறு போட்டபடி, அப்படி என்ன சொன்னாய் என்று விசாரித்தாள். கிளம்பறதுக்கு முந்தி சாங்கியத்துக்கு எல்லாரையும் குந்த வைத்ததைத்தான் சொன்னேன் என்றாள் மகள்.

ஷீலா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சாங்கியமும் இல்ல, ஒண்ணும் இல்ல. எனுக்கு காலு நடுங்கிச்சி. நீ பாத்துக்கினு இருந்த. அதான் குந்திக்கினேன்."

இடம் கிடைத்தபோது அழாத பாஞ்சாலி, அப்போதுதான் அழுதாள்.