அம்மன் கேட்ட கேள்வி

மோகனா கரங்கான் ஊர்க் கிளினிக்கில் மனநலத் தாதி. எஸ்டேட் கோவிலில் அருள்வாக்குக் கேட்டுவிட்டு மாத்திரையை நிறுத்துகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. நேரே அந்தக் கோவிலின் சாமியாடி புவனேசனிடம் சண்டைக்குப் போனாள்.

"திருநீறு கொடுங்கண்ணே, வேணாங்கல. மாத்திரையையும் போடச் சொல்லுங்க லா!"

அதிலிருந்து அவருக்கு அருள் வந்தால் அம்மன் முதலில் கேட்பது, "மாத்திரை போட்டியா?" என்றுதான். சாமியே கேட்டால் யார் மறுப்பார்கள்? கிளினிக்கில் கூட்டம் நெரிந்தது. ஓயாத வேலையில் மோகனாவின் தூக்கம் கெட்டது. ஒரு வெள்ளிக்கிழமை அவளும் திருநீறு வாங்க வரிசையில் நின்றாள்.

அம்மன் வேப்பிலையை ஓங்கி அதட்டினாள். "ஏண்டி, கடைசியா எப்ப லீவு எடுத்தே?"

"இன்னும் எடுக்கல தாயே."

பின்னால் நின்ற அவளுடைய நோயாளிகள் கொல்லென்று சிரித்தார்கள்.