ஒரே ஸ்கூட்டர், இரண்டு கணுக்கால்

போன வாரம் எங்கள் வீட்டு அடுப்பில் பால் பொங்கியது. கூடவே என் பொய் ஒன்றும் வெளியே வந்துவிட்டது.

முதலிலிருந்து சொல்கிறேன். மூன்று மாதங்களுக்கு முன் பனமரத்துப்பட்டியில் ஒரு கல்யாணம். ஸ்கூட்டரை ஓட்டியது நான். பின்னால் அப்பா. ஏரிக்குப் பக்கத்தில் நாய் ஒன்று குறுக்கே ஓட, பிரேக் அடித்தேன். வண்டி சரிந்தது. இருவருக்குமே இடது கணுக்கால் எலும்பு முறிவு!

சேலத்தில் ஒரே ஆஸ்பத்திரி, ஒரே டாக்டர், அடுத்தடுத்து ஆபரேஷன். பிளேட், ஸ்க்ரூ எல்லாம் ஒரே மாதிரி. வயதுதான் வேறு — எனக்கு நாற்பத்தொன்று, அப்பாவுக்கு எழுபத்திரண்டு.

அது என்ன பெரிய வித்தியாசம் என்கிறீர்களா? என் புண் இரண்டு வாரத்தில் ஆறியது. அப்பாவுக்கு ஒரு மாதத்துக்கு மேல் நீர் கசிந்தது. எட்டாவது வாரம் டாக்டர் என்னிடம், “வாக்கரை விட்டுடுங்க” என்றார். அப்பாவின் எக்ஸ்ரேவைப் பார்த்துவிட்டு, “வயசான எலும்பு, மெதுவாத்தான் கூடும் ஐயா. ஆனா தினமும் யாரையாச்சும் பிடிச்சுக்கிட்டு நின்னு பழகணும்” என்றார்.

முப்பது வருஷம் லாரி ஓட்டியவர் அப்பா. வீடு திரும்பும் வழியெல்லாம் எதிரே வந்த லாரிகளையே பார்த்துக்கொண்டு வந்தார். விழ வைத்தவள் நான்... நான் மட்டும் எழுந்து நடப்பதா?

எனவே வாக்கரை விடவில்லை. அப்பா கண்ணில் படும்போதெல்லாம் டக்... டக்கென்று அதோடுதான் நடந்தேன்.

“உனக்கும் சரியாவலையா சாமி?”

“இல்லீங்கப்பா, வலிக்குது. நீங்க நின்னு பழகுனீங்களா?”

“ஆச்சு, ஆச்சு.”

பால் பொங்கிய அன்று எல்லாம் போச்சு. வாக்கரை விட்டுவிட்டு ஹாலிலிருந்து ஒரே ஓட்டம். அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினால், ஹால் கட்டிலில் உட்கார்ந்தபடி அப்பா என் காலையே பார்க்கிறார்.

“ஏஞ்சாமி, எனக்காவத்தான் அதத் தூக்கிட்டு நடந்தியா?”

அழுதுவிட்டேன். “நாந்தானுங்கப்பா உங்களை விழ வெச்சேன்.”

“நாய் குறுக்க வந்தா நான் ஓட்டுனாலும் அப்படித்தான் கண்ணு.” பக்கத்தில் உட்காரச் சொன்னார். “நானும் பொய்தான் சொன்னேன். ஒரு நாள்கூட நின்னு பாக்கல. மறுக்கா உழுந்துருவனோன்னு பயம். புடிச்சுக்கோன்னு உன்னையக் கூப்புடலாம்னா... உனக்கே காலு சரியில்லையேன்னு உட்டுட்டேன்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பகலில் வீட்டில் நாங்கள் இருவர்தான். அவருக்குத் துணையாக நொண்டுவதாக நினைத்து, அவருடைய ஒரே துணையையும் ஒளித்து வைத்திருக்கிறேன்!

மறுநாள் காலை என் வாக்கரைப் பரணில் ஏற்றினேன். அப்பாவின் கை என் தோளில். முதல் நாள் நான்கே அடி. நேற்று வாசல் கேட் வரை போய்விட்டோம். சாயங்காலம் கால் வீங்கத்தான் செய்கிறது. பழையபடி முழுசாக மடங்காமலே போகலாம் என்கிறார் டாக்டர். ஆனாலும் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு முதலில் தயாராவது அப்பாதான்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கிறாரா? கூடவே நொண்டாதீர்கள்... நிமிர்ந்து நின்று தோளைக் கொடுங்கள்.