எருமைக்கு முன் டிஸ்க் பிரேக்

டிஸ்க் பிரேக்கை மிதித்தால் கார் அந்த இடத்திலேயே ஆணியடித்தாற்போல் நின்றுவிடும், உள்ளே இருப்பவன் மட்டும் கண்ணாடியை உடைத்துக்கொண்டு மேற்கொண்டு பயணம் செய்வான் என்று நான் மனப்பூர்வமாக நம்பினேன். அதனால்தான் முதல் ஓட்டத்துக்கு என் மனைவியின் பழைய புடவையால் என்னை சீட்டோடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

எல்லாம் அவளுக்காகத்தான். எளாவூர் செக்போஸ்ட்டில் என் கார் நிற்க மறுத்து, முன்னால் நின்ற லாரிக்கு முத்தம் கொடுத்த நாளிலிருந்து அவள் அதில் ஏறுவதில்லை. அமாவாசைக்கு அமாவாசை திருவள்ளூர் கோயிலுக்கு பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு போனாள். நான் பின்னாலேயே காலிக் காரை ஓட்டிப் போவேன். ஊரே பார்க்கும்.

கும்மிடிப்பூண்டியில் என்னோடு வேலை பார்த்த ஃபிட்டர் நண்பன்தான் வழி சொன்னான். சோழவரம் பந்தயத்தில் ஓடிக் களைத்த ஒரு வெளிநாட்டுக் காரின் டிஸ்க்கும், அதைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரும் கிடைத்தன. அந்தக் காரில் காலிப்பர் அச்சுக்குப் பின்பக்கம் இருந்தது. என் காரில் பின்னால் இடமில்லை. இரும்புத் தகடு வெட்டி முன்பக்கம் பூட்டினோம். இடது இடதுக்கு, வலது வலதுக்கு என்று சாக்பீஸால் எழுதிவைத்துக்கொண்டு, பூஜை சாமான் மாதிரி கவனமாக மாட்டினோம். பெடல் கொஞ்சம் மெத்தென்று இருந்தது. வெளிநாட்டுப் பெடல் அப்படித்தான் இருக்கும் என்றான். நானும் பெருமையாகத் தலையாட்டினேன்.

பந்தயமில்லாத நாளில் சோழவரம் ஓடுபாதையில் மாடு மேயும். நண்பன் பக்கத்தில் உட்கார்ந்தான். மனைவி ஓரமாக நின்றாள். தூரத்தில் ஓர் எருமை படுத்திருந்தது. அதை நோக்கி வேகமெடுத்துப் போய் பிரேக்கை மிதித்தேன். பெடல் தரைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டது.

குதிக்கலாம் என்றால் புடவை விடவில்லை. ஹாரனை அழுத்தினேன், வைப்பரைப் போட்டேன், திருவள்ளூர்ப் பெருமாளைக் கூப்பிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கத்தியது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

ஜன்னலுக்கு வெளியே அவள் குரல் கேட்டது.

"இன்னாங்க, நிக்கிற வண்டியில உக்காந்துகினு இன்னாத்துக்குக் கத்தறீங்க?"

நண்பன் எப்போதோ கைபிரேக்கை இழுத்திருந்தான். எருமை எழுந்திருக்கக்கூட இல்லை.

"இத்தக் கட்னதுக்கு பதிலா வாயக் கட்டியிருக்கலாம்பா, பேஜாரு புடிச்சவனே," என்று முடிச்சை அவிழ்த்துவிட்டான்.

இறங்கிக் குனிந்து பார்த்தோம். பின்னால் இருக்க வேண்டியதை முன்னால் பூட்டியதில் காலிப்பர் தலைகீழாகியிருந்தது. பிரேக் எண்ணெயில் புகுந்த காற்றை வெளியேற்றும் திருகு மேலே இருக்க வேண்டும், கீழே இருந்தது. காற்று மேலேயே தங்கிவிட்டது; நான் மிதித்ததெல்லாம் அந்தக் காற்றை அமுக்கவே சரியாகப் போயிற்று. இடதை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றிப் பூட்டிக் காற்றை எடுத்தோம். பெடல் கல்லாக நின்றது. அடுத்த அமாவாசைக்கு அவள் முன் சீட்டில் உட்கார்ந்து திருவள்ளூர் வந்தாள்.