அக்கரையில் நிற்கும் அண்ணன்

இந்த நினைவு மலரின் அட்டையில் இருப்பது எங்கள் அண்ணன்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் யாரோ ஈர வேட்டியோடு கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாரே, முகமே தெரியவில்லையே என்று உறவினர்கள் கேட்கக்கூடும். நானும் அதையே சொல்லித்தான் வேறு படம் போடலாம் என்றேன். அண்ணன் கோட்டுப் போட்டு ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்ட படம் இருக்கிறது. மதினியோடு நாங்குநேரிக் கோயில் வாசலில் நிற்கும் படமும் இருக்கிறது. மதினி கேட்கவில்லை.

"மூஞ்சி தெரியலன்னா என்ன? நமக்குத் தெரியும்லா யாருன்னு" என்றார். இந்தப் படம் எப்படி வந்தது, எடுத்தது யார் என்பதை எழுதும் பொறுப்பையும் என்னிடமே கொடுத்தார். "மாசம் கிழமை தப்பாம எழுதுததுக்கு நீதான் லாயக்கு" என்பது அவர் சொன்ன காரணம். ஆகவே வரிசையாகவே எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது வள்ளியூரில், ஆவணி மாதம் ஒரு வியாழக்கிழமை. அப்பா அங்கே பள்ளி ஆசிரியராக இருந்தார். நான் பிறந்தபின் அப்பாவுக்கு மாற்றலாகி, குடும்பம் தச்சநல்லூருக்கு வந்தது. அண்ணன் கல்லூரியில் முதலாண்டு படிக்கும்போது, கார்த்திகையில், அப்பா காலமானார். தை பிறப்பதற்குள் அண்ணன் படிப்பை விட்டுவிட்டு, ஜங்ஷன் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் படம் கழுவும் இருட்டறை வேலைக்குச் சேர்ந்துவிட்டார். மருந்துத் தண்ணீரில் விரல் நுனியெல்லாம் பழுத்துக் கறுத்திருக்கும். அந்தக் கையால்தான் தங்கையான என்னைப் படிக்கவைத்தார். நான் தபால் துறையில் சேர்ந்த பிறகே தனக்கென ஒரு சிறு ஸ்டுடியோ வைத்தார்.

அந்தக் காலத்தில் படம் எடுப்பவர்களைத் துக்க வீட்டுக்கும் கூப்பிடுவார்கள். உயிரோடு இருக்கும்போது ஒரு படமும் எடுக்காதவர்களுக்கு அதுதான் முதல் படம், அதுவே கடைசியும். அண்ணன் காமிராவைத் தூக்குவதற்கு முன் இறந்தவரைப் பார்த்து, "ஐயா, ஒரு நிமிஷம்" என்று மெதுவாக உத்தரவு கேட்பார். இதைக் கேலி செய்தவர்கள் உண்டு. அவர் விட்டதில்லை.

திருவிழா மலர்களிலும் காலண்டர்களிலும் அண்ணன் எடுத்த தேரும் ஆறும் ஏராளமாக அச்சாகியிருக்கின்றன. சென்னையில் வெளியான ஒரு கனமான புத்தகத்திலும் அவர் படங்கள் வந்தன. எதிலும் அவர் பெயர் இல்லை. இரண்டு நாள் விடுதியில் தங்கி அதே தேரைப் படம் எடுத்துக்கொண்டு போன ஒருவரின் பெயர் மட்டும் அந்தப் புத்தகத்தில் பெரிய எழுத்தில் இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. பதிப்பகத்துக்கு எழுதினேன், காலண்டர் போட்டவர்களிடம் நேரில் போய்க் கேட்டேன். அண்ணன் அந்தச் சென்னைக்காரரின் படத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "தேரு நல்லாத்தான வந்திருக்கு" என்றார். எனக்கு இன்னும் அதிகமாக எரிந்தது.

அட்டைப் படத்துக்கு வருகிறேன். என் மூத்த மகன் பிறந்த வருடம் சித்திரையில், எங்கிருந்தோ வந்த ஒரு சாமியார் ஆற்றங்கரை மண்டபத்தில் தங்கினார். அதிகம் பேசாதவர். ஆனி மாதம் ஒரு நாள், வருகிற ஆடி அமாவாசையன்று விடியும்போது செத்துப்போனவர்கள் அக்கரையில் வந்து நிற்பார்கள், கண்ணாலேயே பார்க்கலாம் என்று சொன்னார். அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் விட்டு முன்னோரை நினைக்கும் ஊரில் அந்தச் சொல் வேகமாகப் பரவியது. படித்தவர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, இந்தத் தடவை தர்ப்பணத்தை அந்த மண்டபத்துப் படித்துறையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றும் பேசிக்கொண்டார்கள்.

படமே இல்லாமல் ஆளைப் பறிகொடுத்தவர்கள் அண்ணனைத் தேடி வந்தார்கள். "எங்க ஐயா அக்கரையில வந்து நின்னா ஒரு போட்டோ புடிச்சிருங்க அண்ணாச்சி" என்று ஒருவர் கேட்டாராம். "புடிக்கலாம். அவுக அசையாம நிக்கணும், அத மட்டும் சொல்லிவைங்க" என்றாராம் அண்ணன்.

அந்த வருடம் ஆடி பிறந்த அன்றே அமாவாசை. கூட்டம் விடியுமுன் போய் நின்றது. அக்கரையில் நாணலும் இரண்டு எருமைகளும்தான் இருந்தன. பேறுகாலத்துக்கு வந்து நான் அம்மாவிடம் இருந்தேன். நண்பகலில் அண்ணன் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

"ஏட்டி, பஞ்சாங்கத்த எடு. இந்த மாசம் இன்னொரு அமாவாசை இருக்குதாமே?"

"இருக்கு. கடைசியில வருது. ஒரே மாசத்துல ரெண்டு வந்தா முதல்ல உள்ளதக் கணக்குல எடுக்க மாட்டாவ. பின்னால வாரதுதான் ஆடி அமாவாசை."

"நிச்சயமா?"

"அச்சுல போட்டிருக்கு. நீங்களே பாருங்க."

அண்ணன் பார்க்கவில்லை. வந்த வேகத்தில் திரும்பி மண்டபத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டார். சாமியார் சொன்ன நாள் அந்தக் காலையோடு முடிந்துபோயிருந்தது. அதற்குப் பிறகு அந்த ஜனங்கள் காத்திருந்தது நான் சொன்ன நாளுக்கு.

அந்த ஆடி முழுவதும் அண்ணன் மண்டபமே கதியாகக் கிடந்தார். காத்திருந்தவர்களைப் படம் எடுத்தார். புருஷன் பார்ப்பான் என்று தினமும் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு வந்த ஒரு பெண். மகனுக்குக் கொடுக்க மடித்த சட்டையைக் கையில் வைத்திருந்த ஒரு தகப்பன். மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே அக்கரையைப் பார்த்திருந்த பெண்கள். அண்ணன் எடுத்ததில் சிறந்தவை இவைதான் என்பது என் எண்ணம். மூன்று படங்களை உள்பக்கங்களில் சேர்த்திருக்கிறோம். ஆனால் என் மகனுக்குத் தொட்டில் கட்டிய வெள்ளிக்கிழமை அண்ணன் வரவில்லை. அம்மா ஆள் அனுப்பினார். "நாளைக்கு வாரேன்னு சொல்லு" என்று பதில் வந்தது. மகன் குப்புற விழத் தொடங்கிய பிறகுதான் அவனுக்கு முதல் படம்.

இரண்டாவது அமாவாசையும் விடிந்தது. யாரும் வரவில்லை. சாமியார் அன்று மாலையே மேற்கே நடந்து போய்விட்டார். ஊர் ஒரு வாரம் பேசிச் சிரித்தது.

"நீங்களுமா அண்ணே நம்புனீங்க?" என்று கேட்டேன்.

"நம்பாமலா அத்தன ரோலு பிலிம் வாங்கிட்டுப் போனேன்?" என்றார்.

அடுத்த பொங்கலுக்கு எனக்குப் பொங்கல்படி கொண்டுவந்தார். பிறந்த வீட்டிலிருந்து உடன்பிறந்தவளுக்கு வரும் அரிசியும் வெல்லமும் கரும்பும். சைக்கிளில் இன்னொரு கட்டுக் கரும்பு இருந்தது.

"அது யாருக்கு?"

"இன்னொரு வீட்டுக்கும் போகணும்ட்டி."

அந்த வீடு கோமதியின் வீடு. மண்டபத்தில் பீடி முறத்தோடு உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஒவ்வொரு தையிலும் அண்ணன் இரண்டு கட்டுக் கரும்பு வாங்கினார். வசதி குறைந்த வருடங்களில் எனக்கு வந்த கட்டு இளைத்தது. அங்கே போன கட்டும் அதேபோல இளைத்ததா என்று நான் பார்த்திருக்கிறேன். இளைத்துத்தான் இருந்தது. அதில் எனக்கு எந்த ஆறுதலும் கிடைக்கவில்லை.

சென்ற ஆண்டு பங்குனியில் அண்ணன் படுத்தார். ஆனி மாதம், ஒரு திங்கட்கிழமை காலை, மதினி கையில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கண்ணை மூடினார். பதினாறாம் நாள் விசேஷத்துக்குக் கோமதி வந்தார். வாசலிலேயே "எங்க அண்ணன் போய்ட்டாவளே" என்று குரலெடுத்து அழுதார்.

"இது யாரு?" என்று சித்தி கேட்டார்.

"அவுக தங்கச்சி" என்றார் மதினி.

சித்தி என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப நீ யாருட்டி?"

துக்க வீடு சிரித்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோமதி பிளாஸ்டிக் உறையிலிருந்து இந்தப் படத்தை எடுத்து மதினியிடம் கொடுத்தார். அதன் கதையை அன்றுதான் கேட்டேன்.

"ரெண்டாவது அமாவாசை அன்னைக்கு வெயில் ஏறிட்டு. எல்லாரும் போய்ட்டாவ. நான் மட்டும் படியில இருந்து அழுதேன். எங்க கூடப்பொறந்த அண்ணன் லாரியில போனவன், வடக்க எங்கயோ செத்துப்போனான். ஒரு படம் கெடையாது. இவுக வந்து, 'ஏ பிள்ள, இந்தக் காமிராவப் புடி. நான் கையத் தூக்குனதும் இத அமுக்கு'ன்னாவ. சட்டையக் கழத்தி வச்சுட்டுத் தண்ணியில எறங்கிட்டாவ. இடுப்பளவு தண்ணி. அக்கரையில ஏறி நின்னு கையத் தூக்குனாவ. அமுக்கிட்டேன். பைய நடந்து வந்து, 'இனிமே அண்ணன் படம் இல்லன்னு அழப்படாது, என்னா'ன்னாவ."

எனக்கு அவர் பிறப்பிலேயே அண்ணன். அதற்காக அவர் தனியாக ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. கோமதிக்கு அண்ணனாக அவர் ஆற்றில் இறங்கியிருக்கிறார். இதை எழுதும்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது. தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அண்ணன் நம்பமாட்டார்.

மலர் அச்சுக்குப் போகும் சமயத்தில், படத்தின் கீழே கோமதி பெயரைப் போட வேண்டும், உடன்பிறந்தார் வரிசையிலும் சேர்க்க வேண்டும் என்றார் மதினி. அப்போது கோமதியும் பக்கத்தில் இருந்தார். "எம் பேரு என்னத்துக்கு மதினி? ஆளுக ஒரு மாதிரி பேசுவாவ" என்றார். அவர் சொன்னதே எனக்கு வசதியாக இருந்தது.

மதினி என் பக்கம் திரும்பினார். "அவுக எடுத்த படத்துக்கெல்லாம் பேரு போடலன்னு ஊரு ஊராப் போய்ச் சண்ட போட்டவ நீ. இப்பம் அச்சடிக்கதே நீதான். நீயும் போட மாட்டியாக்கும்?"

படத்தின் கீழே "எடுத்தவர்: கோமதி" என்று போட்டிருக்கிறோம். உடன்பிறந்தார் வரிசையில் என் பெயரை அடுத்து அவர் பெயர் இருக்கிறது. மெய்ப்பு பார்க்கும்போது எழுத்து அளவையும் சரிபார்த்தேன். இரண்டும் ஒரே அளவுதான்.

அண்ணனின் கடைசி மாதங்களில் முகம் சுளிக்காமல் வீட்டுக்கே வந்து பார்த்த மருத்துவருக்கும், இரவில் மாறிமாறித் துணையிருந்த தெருக்காரர்களுக்கும், பழைய நெகட்டிவ்களைத் துடைத்துப் படமாக்கித் தந்த அண்ணனின் தொழில் நண்பர்களுக்கும், ஈமக்கடன்களை முறையாக நடத்தித் தந்த பெரியவர்களுக்கும், பதினாறாம் நாள் சமையலைத் தங்கள் பொறுப்பாகவே எடுத்துச் செய்தவர்களுக்கும், திருத்தங்களைப் பொறுத்துக்கொண்ட அச்சகத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி.

கோமதிக்கு இங்கே நன்றி சொல்லவில்லை. கூடப்பிறந்தவர்களுக்கு நன்றி சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.